திரைக்குள் மால்தே, சமையலறையில் நான்

அனுப்புநர்
ப்ரெபென் ஓஸ்டர்கார்,
தீவன லாரி ஓட்டுநர் (ஓய்வு),
14, ஆலைச் சாலை,
நோர்பாக், டென்மார்க்.

பெறுநர்
திருமதி கித்தே ஹோல்ம் அவர்கள்,
தலைவர், முதியோர் நலப் பிரிவு,
வெஸ்டர்ஹோய் நகராட்சி.

பொருள்: என் மனைவி ரூத்துக்குக் காலைதோறும் திரைவழியே வரும் செவிலியர் திரு. மால்தேயை மாற்றி வேறொருவரை (பெண்ணாக இருந்தால் நலம்) நியமிக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: இணையக் கருவியின் மின்இணைப்பைப் பிடுங்கியது பற்றித் தாங்கள் எனக்கு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

எல்லா மனுக்களும் இணையம் வழியாகவே வர வேண்டும் என்பது தங்கள் அலுவலக நடைமுறை என்பதை அறிவேன். எனக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகையால் பேனாவால் எழுதுகிறேன். பொறுமையுடன் படித்தருள வேண்டுகிறேன்.

1. சென்ற ஆண்டு என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை முழுதாகத் திரும்பவில்லை. பேச்சு திரும்பிவிட்டது, சற்று நிதானமாக வரும், அவ்வளவுதான். முதலில் தங்கள் ஊழியர் மோனா காரில் வந்து மாத்திரை கொடுத்துப் போனார். பிறகு நகராட்சி சிக்கனத்தை உத்தேசித்து ஒரு காணொளித் திரையைக் கொடுத்தது. காலையில் அது மணியடிக்கும், உள்ளே திரு. மால்தே தோன்றுவார். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தலைமுடி ஏராளம்.

2. உரையாடல் நோயாளிக்கும் செவிலியருக்கும் உரியது, குடும்பத்தினர் அருகில் இருக்கத் தேவையில்லை என்று முதல் நாளே சொல்லப்பட்டது. விதிக்குக் கட்டுப்பட்டு நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன். காப்பி இயந்திரம் இரைச்சல் போடுவதால் அந்த நேரத்தில் அதை அணைத்து வைக்கிறேன். கதவையும் சாத்துவதில்லை, காற்றோட்டம் வேண்டும்.

3. அங்கிருந்து காதில் விழுந்தவற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். "ராத்திரி நல்லா தூங்குனீங்களா, ரூத்?" என்று அவர் கேட்கிறார். பக்கத்தில் படுத்திருந்தவன் நான். என்னை யாரும் கேட்பதில்லை. "எங்க, இவரு குறட்டையில கூரையே ஆடுது" என்கிறாள் என் மனைவி. இருவரும் சிரிக்கிறார்கள். கடலோரத்தில் ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும் என்று அவள் ஆயுள் முழுக்க ஆசைப்பட்டதை அவரிடம் சொல்கிறாள். மணமாகி இத்தனை வருடங்களில் இந்தச் செய்தி எனக்கு வந்து சேர்ந்தது சமையலறை வழியாகத்தான்.

4. மணியடிக்கும் முன்பே இடது கையால் தலை வாரிக்கொள்கிறாள். உதட்டுச் சாயமும் பூசிக்கொள்கிறாள். இடது கை என்பதால் அது சற்றுக் கோணலாகப் போகிறது, ஆயினும் பூசுகிறாள். நான் எதிரில் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுது தடவிச் சாப்பிடும்போது அவளுக்குச் சீப்பின் நினைவே வருவதில்லை. அம்மையீர், மறைத்து என்ன பயன், எனக்கு வயிறு எரிகிறது.

5. இனி, கொடி விவகாரம். மே மாதம் ஒரு காலையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் சின்னதாக நம் தேசியக் கொடி நின்றிருந்தது. பிறந்தநாளும் மணநாளும் தவிர அது அலமாரியை விட்டு வெளியே வராது. எங்கள் இருவருக்கும் பிறந்தநாள் குளிர்காலத்தில். எனவே இது மணநாள், நான்தான் தேதியை மறந்துவிட்டேன் என்று முடிவு செய்தேன். அந்தக் கையோடு அலமாரியைத் திறந்து கொடியை எடுத்து வைத்திருக்கிறாளே என்று நெஞ்சு கனத்தது. சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளை எடுத்துப்போய் அடுக்குக் கேக் வாங்கி வந்தேன். கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஐயோ, கேக்கா! உனக்கு எப்படித் தெரியும், இன்னிக்கு மால்தேக்குப் பொறந்தநாள்னு?" என்றாள்.

6. நான் வாங்கிய கேக்கின் முதல் துண்டு திரைக்கு முன்னால் வைக்கப்பட்டது. திரை கேக் தின்னாது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பிறந்தநாள் பாட்டு பாடப்பட்டது. அந்தப் பாட்டை யார் பாடினாலும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நம் நாட்டில் எவராலும் முடியாது என்பதால், நானும் சமையலறையிலிருந்து பாடினேன். மூன்று முறை வாழ்த்தொலி எழுப்பும் இடத்தில் என் குரலே உரக்க இருந்தது. "உள்ளார யாரு, ப்ரெபெனா? நல்ல குரல் சார் உங்களுக்கு!" என்றார் திரு. மால்தே. அதற்கு மேலும் ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

7. அடுத்த வாரம் நான் இணையக் கருவியின் மின்இணைப்பைப் பிடுங்கியது உண்மை. தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்காகப் பிடுங்கினேன். அதற்கென்று அதே சுவரில் தனி இணைப்பு உண்டு என்று மோனா தங்கள் கோப்பில் எழுதியிருப்பார், அதுவும் உண்மை. திரை பதில் தராததால், நோயாளி விழுந்துவிட்டாரோ என்று பயந்து மோனா ஓடி வந்தார். தலை வாரி, சாயம் பூசி, இருண்ட திரையின் முன் ரூத் காத்துக்கொண்டிருந்தாள். "பாவம், அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சோ" என்று மோனாவிடம் சொல்லி அழுதாள். நான் இயந்திரத்தின் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் தூசி இருக்கும் இடமே எனக்குத் தெரியவில்லை.

8. மேலே 'பொருள்' என்ற இடத்தில் நான் கேட்டிருப்பதை இந்த இடம் வரை மனதாரக் கேட்டேன். மனுவை இதோடு முடித்து உறையில் போட்டுவிட்டுக் கண்புரை அறுவைக்காக ஆர்ஹூஸ் நகருக்குப் போனேன். இரவு மகள் சிக்னே வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை, மால்தே வந்து போன பிறகு, சிக்னே தன் கைபேசியிலிருந்து அம்மாவின் திரைக்கு அழைத்து என் கையில் கொடுத்தாள். நான் மறுத்தேன். அவள் கேட்கவில்லை.

9. திரையில் ரூத் வந்தாள். ஒரு கண்ணில் கட்டோடு அவளை நேருக்கு நேர் பார்த்தேன். அவள் எழுந்து போகவில்லை. நானும் போக வழியில்லை, கைபேசியை வைத்தால் சிக்னே திட்டுவாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். வலிக்கிறது என்றேன். பயந்துபோனேன் என்றும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "நானும்தான் பயந்தேன், ஆஸ்பத்திரியில கெடந்தப்ப. நீ கேக்கவே இல்லையே" என்றாள். அப்போது கேட்டேன். வெகுநேரம் சொன்னாள். கடலோர வீட்டைப் பற்றியும் கேட்டேன். உனக்கு யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை.

10. மாலை வீடு திரும்பினேன். இருவரும் ரொட்டி சாப்பிட்டோம். மழை வரும்போல இருக்கிறது என்றேன். ஆமாம் என்றாள். தொலைக்காட்சியில் கைப்பந்தாட்டம் பார்த்தோம். எவ்வளவோ முயன்றும் எனக்கு வாய் எழவில்லை. எதிரில் இருக்கும் முகத்தைப் பார்த்துப் பேச எங்கள் வீட்டில் பழக்கமில்லை, அம்மையீர்.

ஆகவே, உறையைப் பிரித்து இதைச் சேர்த்து எழுதுகிறேன். திரு. மால்தேயை மாற்ற வேண்டாம். அவர் மேல் எனக்குள்ள பொறாமை அப்படியே இருக்கிறது. அதைத் தங்கள் கோப்பில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் எனக்கும் அதேபோல் ஒரு திரை வேண்டும். அதைச் சமையலறையில் வைத்துக்கொள்கிறேன். அவள் கூடத்தில் இருப்பாள். நடுவில் ஒரு சுவர்தான். நகராட்சிக்கு இதனால் பெரிய செலவு இராது.

நான் அவளை அழைப்பது திரு. மால்தே வருவதற்கு முன்னதாக இருக்கும்படி நேரம் ஒதுக்கித் தருமாறு தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அவள் தலை வாரி முடித்ததும் முதலில் பார்க்கிறவன் நானாக இருக்க வேண்டும்.

இடம்: நோர்பாக்
நாள்: ஜூன் 17

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ப்ரெபென் ஓஸ்டர்கார்
(ரூத்தின் கணவர்)