கடைசிப் பதினாறு பக்கம்

சௌ. நீலாயதாட்சிக்கு,

வாயைத் திறக்காமல் இருந்தவரை போதும். உன் கல்யாணத் தந்தி வந்த நாளிலிருந்து உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை, இதையும் எழுதியிருக்க மாட்டேன், நீ அனுப்பும் நாவல்கள் எழுதவைத்துவிட்டன. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுதினால் அவளுக்குப் பாதி பொருந்தும், எனக்குப் பொருந்தாது. அங்கே நீயும் செல்லதுரையும் (இந்தப் பெயரை எழுத என் பேனா இன்னும் பழகவில்லை) நன்றாக இருப்பதாக ஊரில் பேச்சு, அது மெய்யாகவே இருக்கட்டும். நாவல்களைத் தவிர இன்னொரு விஷயமும் இருக்கிறது, உன் பிரசவம் எந்த வீட்டில் என்பது, கார்த்திகை பிறப்பதற்குள் அது முடிவாக வேண்டும். அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் புத்தகம்.

உன் அம்மாவுக்குத் தஞ்சாவூரில் கண்புரை எடுத்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறேன். கட்டைப் பிரித்தாயிற்று, நெற்றியிலிருந்து ஒரு பச்சைத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு கொல்லைத் தாழ்வாரத்தில் கட்டிலில் படுத்திருக்கிறாள். குனியக்கூடாது, தும்மக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது, தை மாதம் கண்ணாடி போடும்வரை எழுத்தைப் பார்க்கவே கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக அழக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. சமையல் நான்தான், ரசம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்வதில்லை, அதிலிருந்தே அவள் அபிப்பிராயம் தெரிகிறது. நீயோ பம்பாயில் மாதுங்காவிலிருந்து மாதாமாதம் அழவைக்கிற புத்தகமாகப் பார்த்து புக் போஸ்டில் அனுப்புகிறாய், மேலே அம்மா பெயர் மட்டும். படிக்கக்கூடாது என்றால் விட்டுவிடுவாளா? 'நீங்க படிங்கோ, நான் கேட்டுக்கறேன்' என்றாள். பி.ஏ. தேறியவன், ஹைகோர்ட்டுத் தீர்ப்புகளை எழுத்துக்கூட்டாமல் படித்து வக்கீலுக்கே விளக்கம் சொன்னவன், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு 'அவள் இதழ்கள் துடித்தன' என்று உரக்கப் படிக்கிறேன். அடுத்த வீட்டுக்காரர்கள் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்கிறார்கள்.

இந்த நாவலாசிரியர்களெல்லாம் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்? நீல அட்டை போட்ட துப்பறியும் நாவலில் பங்குனி மாதம் திருக்காட்டுப்பள்ளியில் காவேரியில் ஒரு பிணம் மிதந்து வருகிறது. மேட்டூரைத் தை மாதத்திலேயே அடைத்துவிடுகிறான், பங்குனியில் அந்த ஆற்றில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கிறார்கள், பிணம் வரவேண்டுமானால் நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். முதல் அத்தியாயத்திலேயே இப்படி என்றால் கொலைகாரனைப் பற்றி அவர் சொல்வதை எப்படி நம்புவது? காதல் நாவலில் இரண்டு பேர் நாற்றங்காலுக்குள் கைகோத்துக்கொண்டு ஓடுகிறார்கள், விதைத்தவன் வரப்பில் நின்று ரசித்துக்கொண்டிருப்பானாம். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். மிராசுதார் என்றால் வெள்ளிப் பூண் போட்ட தடி, ஜரிகை அங்கவஸ்திரம், கன்னத்தில் ஒரு மரு. துப்பறியும் கதையானால் கொலை செய்தவன் அவன், காதல் கதையானால் பெண்ணைப் பெற்ற வில்லன் அவன். இதை எழுதியவர்களில் மிராசுதாரைக் கண்ணால் பார்த்தவன் ஒருவனாவது உண்டா? என்னை வந்து பார்க்கட்டும். கம்பி ஒடிந்த குடையைப் பிடித்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நிற்கிறேன், ஒரு கட்சி போய் அதிலிருந்து பிரிந்த கட்சி வந்தும் என் கேஸ் கட்டு அதே அலமாரியில்தான் இருக்கிறது, குமாஸ்தா உட்காருங்கள் என்றுகூடச் சொல்வதில்லை. கொலை செய்ய எனக்கு எங்கே ஒழிவு?

இன்னொன்று. அந்தக் காதல் கதைகளில் அப்பன்கள் எல்லாரும் கடைசி அத்தியாயத்தில் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து பெண்ணின் கையையும் மாப்பிள்ளையின் கையையும் சேர்த்துவைக்கிறார்கள். போன வாரம் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. எனக்கு மாரடைப்பு வரும் என்று யாரும் காத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நான் படிப்பதைக் கேட்க இன்னொரு ஆளும் உண்டு என்பதை உனக்கு யார் எழுதியிருக்கப் போகிறார்கள்? உன் மாமியார் காத்தாயி. ஆபரேஷன் ஆன மறுவாரம் சம்பந்தியம்மாவைப் பார்க்க என்று கொல்லை வழியாக வந்தவள், பாதிக் கதை ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுக் கிணற்றடியில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் வந்தாள். அவள் புருஷன் இராஜாங்கம் என் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன், சட்டம் வந்ததும் சாகுபடிதாரன் என்று தாலுகா ரிக்கார்டில் தன் பெயரைப் பதிந்துகொண்டு இனி என்னை வெளியேற்றிப் பார் என்று நின்றவன், கூண்டிலேறி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னவன். அவன் பெண்டாட்டிக்கு நான் காதல் கதை படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. போகச் சொல்ல வாயெடுத்தேன், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நனைகிறவளை நனையட்டும் என்று விட நான் நாவலில் வருகிற மிராசுதார் இல்லை, தாழ்வாரத்தில் ஏறி உட்காரச் சொன்னேன், அன்றிலிருந்து அந்தத் தூணடி அவளுடையதாகிவிட்டது, அதையும் ஒருநாள் பதிந்துகொள்வார்கள். சும்மா கேட்கிறவளா அவள்? எந்தத் துப்பறியும் கதையானாலும் இரண்டாவது அத்தியாயத்திலேயே 'வக்கீலுதான் சாமி கொன்னவன், எழுதி வச்சுக்குங்க' என்பாள். கதையில் வக்கீலே இல்லையே என்றால் 'இனிமே வருவான் பாருங்க' என்பாள். உன் அம்மா சிரிப்பாள், கண் அதிரும் என்று நான் அதட்டினால் 'அவ சொல்றதுல என்ன தப்பு, நம்ம வக்கீலை நெனைச்சுப் பாருங்கோ' என்பாள். கதாநாயகன் ஒரு பக்கம் முழுக்க நிலாவைப் பற்றிப் பேசினால், 'பய வேலைக்கு எதுக்கும் போறானா, அத மொதல்ல படிங்க' என்று தூணடியிலிருந்து குரல் வரும். நீ உண்டாகியிருக்கிற செய்தியும் எனக்கு இப்படித்தான் தெரிந்தது. ஒரு கதையில் கர்ப்பிணி ஒருத்தி மாடிப்படி ஏறினாள், 'மாடி கீடி ஏறவேணாம்னு நம்ம நீலாவுக்கு எழுதச் சொல்லணும்' என்றாள் காத்தாயி. உன் அம்மா 'உஸ்' என்றாள். கேட்டுக்கொண்டிருந்த இருவருக்கும் தெரிந்திருக்கிறது, புத்தகத்தைக் கையில் வைத்திருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

இப்போது நீ கடைசியாக அனுப்பிய ரோஜாப்பூ அட்டை நாவலுக்கு வருகிறேன், என் ஆத்திரத்துக்குக் காரணம் அதுதான். வேறு ஜாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போன பெண், நிறைமாதத்தில் மழையில் நனைந்தபடி அப்பன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். இதை ஏன் அனுப்பினாய் என்று நான் கேட்கப்போவதில்லை, கடையில் கைக்கு வந்ததை எடுத்தேன் என்பாய், இருக்கட்டும். அப்பன் உள்ளேயிருந்து வந்து கதவுத் தாழ்ப்பாளில் கையை வைக்கிறான். பக்கம் முடிந்தது. திருப்பினால் கோடியக்கரை உப்பளத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் குனிந்து செருப்புத் தடத்தை அளந்துகொண்டிருக்கிறார். பைண்டு செய்த புண்ணியவான் வேறொரு கதையின் கடைசிப் பதினாறு பக்கத்தைக் கொண்டுவந்து இதில் தைத்துவிட்டான். கோடியக்கரையில் கொன்றவன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, செத்தது யார் என்று தெரியாது. பக்கம் இல்லை என்றேன், நம்பவில்லை. 'அச்சடிச்ச பொஸ்தகத்துல எப்புடி சாமி இல்லாமப் போவும், முழுங்காதீங்க' என்றாள் காத்தாயி. உன் அம்மா மெதுவாக, 'படிக்க இஷ்டமில்லேன்னா இஷ்டமில்லேன்னு சொல்லிடுங்கோ, புஸ்தகத்து மேல ஏன் பழி போடறேள்' என்றாள். சுருக்கென்றது. புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இல்லாத பக்கத்தைப் படித்தேன். அப்பன் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டான், முற்றும் என்றேன். பிறகு காத்தாயி, 'அப்ப அந்தப் பொண்ணு எங்க போச்சு?' என்றாள். பையன் வீட்டுக்குப் போயிற்று என்றேன். அந்தக் கதையில் பையன் வீடு அதே ஊரில் அடுத்த தெரு, அது அவளுக்கு ஞாபகம் இருந்தது. 'அப்ப அந்த அப்பன் தெனமும் அந்த வாசலத் தாண்டித்தானே வயலுக்குப் போவணும்? உள்ள புள்ள அழுவுற சத்தம் கேக்காதா?' என்றாள். அதெல்லாம் எழுதவில்லை என்று புத்தகத்தை மூடினேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையிலேயே எழுந்து போய்விட்டாள். உன் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அழவில்லை. பச்சைத் துணிக்குக் கீழே உதட்டைக் கடித்துக்கொண்டு அழாமல் படுத்திருந்தாள், சாப்பிடக் கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை, டாக்டர் சொன்னதை இவ்வளவு ஒழுங்காக அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியது நானா, புத்தகம் அனுப்பிய நீயா?

மறுநாள் காத்தாயி வரவில்லை. வாய்க்கால் மதகடியில் இராஜாங்கம் நின்றான். முன்பெல்லாம் சாமி என்பான், பெயர் பதிந்த பிறகு அய்யரே ஆயிற்று, உன் கல்யாணத்துக்குப் பிறகு கூட்டம் இருக்கும்போது மட்டும் சம்பந்தி. அன்றைக்குக் களையெடுக்கும் பெண்கள் இருந்தார்கள். 'என்ன சம்பந்தி, கதையில பொண்ண மழையில நிறுத்திட்டீங்களாமே' என்றான். அச்சில் இருந்ததைப் படித்தேன் என்றேன். களையெடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான். 'கார்த்திகை பொறந்ததும் பம்பாய்க்கு ரயிலேறுறேன். மார்கழிக்கு முந்தி நீலாப் புள்ளைய அழைச்சிட்டு வந்துருவேன். தலைப்பிரசவம் தாய் வூட்டுலதான் நடக்கணும், எங்களுக்கும் அது தெரியும். நீங்க கதவத் தொறந்தா உங்க வாசல்ல கொண்டாந்து விடுறேன். தொறக்கலன்னா எங்க வூடு இருக்கு. உங்ககிட்ட கேக்கல, சொல்லிட்டுப் போறேன்' என்றான். என் நிலத்தில் நின்றுகொண்டு என் பெண்ணை எந்த வாசலில் இறக்குவது என்று அவன் எனக்குச் சொல்கிறான். பதிலுக்கு நாலு வார்த்தை தயார் செய்தேன், அதற்குள் அவன் மதகுப் பலகையைத் தூக்கப் போய்விட்டான், அந்த நாலு வார்த்தையும் இன்னும் என்னிடமே இருக்கிறது.

ஆகவே கேட்டுக்கொள். நீ இந்த வீட்டுக்குத்தான் வரவேண்டும். இது சமாதானம் இல்லை. நில விவகாரத்தில் நான் ஒரு அங்குலமும் இறங்கவில்லை, கேஸ் நடக்கும், இராஜாங்கம் கூண்டில் சொன்னது எனக்கு மறக்கவில்லை, நீ ஒரு தந்தியில் காரியத்தை முடித்ததும் மறக்கவில்லை. ஆனால் என் பெண் குத்தகைதாரன் வீட்டில் பிள்ளை பெற்றுப் படுத்திருக்க, அந்த வாசலைத் தாண்டி நான் குடையைப் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போவது என்பது எந்த நாவலில் வேண்டுமானாலும் நடக்கட்டும், இங்கே நடக்காது. காமரா உள்ளை, நீ படுக்கப்போகிற அறையை, ஒழித்து வெள்ளையடித்தாயிற்று, ஒழுகுகிற ஓடுகளை மாற்றியாயிற்று, உன் அம்மா கண் தெரியாமலேயே ரெண்டு தடவை போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள், அன்றைக்கு ரசம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். இராஜாங்கம் ரயிலேற வேண்டாம், செல்லதுரையே லீவு போட்டு அழைத்து வரட்டும். அவன் உள்ளே வந்து காப்பி சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நான் அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. காத்தாயிக்கு எழுதும்போது இனி வாசல் வழியாக வரச் சொல், கொல்லை மழையில் வழுக்குகிறது. ரயிலில் கீழ்ப் பலகையாகக் கேட்டு வாங்கு, வழியில் கண்டதையும் வாங்கித் தின்னாதே, வெந்நீர் கூஜாவை மறக்காதே, அவள் சொன்னபடி மாடி ஏறாதே.

வரும்போது அந்த ரோஜாப்பூ அட்டை நாவலில் நல்ல பிரதி ஒன்றைக் கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்கிவா. கடைசிப் பதினாறு பக்கத்தை நீயே உன் அம்மாவுக்கும் மாமியாருக்கும் படித்துக் காட்டு, இல்லாவிட்டால் நான் சொன்னதையே அவர்கள் ஆயுளுக்கும் வைத்துக்கொண்டிருப்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு முன்கூட்டி எழுத வேண்டாம். மாரடைப்புதான் என்றால் அந்த இடத்தைத் தாண்டிவிடு.

உனக்குப் பெயர் கொடுத்த அம்பாள் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் ஒரு குறையில்லாமல் இந்த வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். புறப்படும் நாளை உன் அம்மா பெயருக்கே எழுது, தஞ்சாவூர் ஸ்டேஷனுக்கு ஆள் வரும். யார் என்று இப்போது எழுத மாட்டேன்.

கையெழுத்துப் போடும் இடம் வந்துவிட்டது. குத்தகைச் சீட்டிலிருந்து வாக்குமூலம் வரை நான் கையெழுத்துப் போட்ட காகிதம் எல்லாமே என்றைக்காவது ஒருநாள் கோர்ட்டில் எனக்கு எதிராக வாசிக்கப்பட்டிருக்கிறது, இதையும் இராஜாங்கம் மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குக் காட்டுவான். மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களை நான் மதித்ததில்லை, தாசில்தாருக்கு என்மேல் போனதெல்லாம் மொட்டை மனு, நீ அனுப்புகிற துப்பறியும் கதைகளிலும் அயோக்கியர்கள்தான் அதை எழுதுகிறார்கள். இருந்தாலும் இதன் கீழே பெயர் போடுவதாக இல்லை. யார் எழுதியது என்று கண்டுபிடிக்க உனக்கு இன்ஸ்பெக்டர் தேவைப்படாது. மழை சற்று விட்டிருக்கிறது, தபால் கட்டுவதற்குள் இதை இப்படியே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.