அறுபத்தாறா, தொண்ணூற்றொன்பதா

14-8-96, புதன்

காலையில் நல்ல வெயில். சாயந்திரம் மாதா கோயில் திருவிழாவில் வாசிக்க வேண்டும். பெடல்களுக்கு எண்ணெய் விட்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக என்னோடு இருக்கிற வாத்தியத்தின் பெயரை இன்று முதல் தடவை நானே எழுதுகிறேன். பெடல் ஸ்டீல் கிடார். மேசை மாதிரி நாலு காலில் படுத்திருக்கும், உட்கார்ந்து பெடல் மிதித்து வாசிக்கிற கிடார். எழுதப் படிக்கக் கற்றதே போன வருடம்தான், 'ஸ்டீ' எழுத நேரமாயிற்று. நன்றாக வந்திருக்கிறது.

திருவிழாவிலிருந்து வந்த பிறகு எழுதுகிறேன். மூன்றாவது பாட்டு முடிந்ததும், மைக் செட் போட வந்த பாபு மேடை ஏறினான். நான் முன்பு வாசித்த மெல்லிசைக் குழு முதலாளி மாணிக்கத்தின் மகன். அவர் இறந்த பிறகு இவனைப் பார்க்கவே இல்லை. நலம் விசாரிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"எங்கப்பா கிடாரு உன்கிட்ட எப்டி வந்துச்சு?"

என்னுடையது என்றேன். எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த ஆர்தர் ஆஸ்திரேலியா போகும்போது கொடுத்தது, அறுபத்தாறாம் வருடத்துக் கிடார் என்றேன். காகிதம் இருக்கிறதா என்றான். படிக்கத் தெரியாத காலத்தில் காகிதம் வாங்கி வைத்து என்ன செய்திருப்பேன்?

பாடற்குழுப் பெண்கள் பார்த்த பார்வை. சாப்பிடவில்லை.

16-8, வெள்ளி

நேற்று கோயிலுக்கு மகள் ஸ்டெல்லா மட்டும் போய்வந்தாள். இன்று காபியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "குடுத்துடுப்பா. கோயிலுக்குப் போனா எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க."

கொடுத்தால் திருடன் என்று ஆகிவிடும். கொடுக்காவிட்டாலும் திருடன்தான்.

பாபு வீட்டுக்கே வந்தான். அவன் சொல்வது: அவன் அப்பா சிங்கப்பூரிலிருந்து புத்தம் புதிதாக வரவழைத்தது. எழுபத்தெட்டாம் வருடம், அப்போது இவன் எட்டாம் வகுப்பு. பெட்டியின் கயிற்றை அறுத்ததே இவன். அவர் வரவழைத்தது உண்மை, ஆனால் அது வேறு கிடார். என்னுடையதைக் கேட்டு ஆசைப்பட்டுத்தான் முதலாளி ஒன்று வாங்கினார். எத்தனை கம்பி என்று கேட்டேன். நினைவில்லை. முழங்காலால் தள்ளுகிற லீவர் ஒன்று இருந்தது மட்டும் நினைவிருக்கிறதாம். இதில் லீவர் இல்லையே என்றேன். அடையாளம் தெரியாமல் இருக்க நான் கழற்றிவிட்டேனாம்.

பிறகு மேல்தகட்டின் மூலைகளைக் காட்டினான். காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். "இது எங்கப்பா வச்சது. நீ மாதா கோயிலுக்குப் போற ஆளு. நீயா வச்சே?"

வைத்தது முதலாளிதான். ஆயுத பூசைக்கு எல்லா வாத்தியத்துக்கும் வைப்பார். என்னுடையதற்கும் வைப்பார். நான் துடைத்ததில்லை. வருடா வருடம் பழசின் மேலேயே புதுசு. சொன்னேன். ஸ்டெல்லாகூட நம்பினாளா, தெரியவில்லை.

புதன்கிழமை வண்டியோடு வருவானாம்.

17-8, சனி

தி. நகரில் சேஷாத்ரி சார். பழைய ஒலிப்பதிவு இன்ஜினியர். இந்த ஜாதி கிடார் பல பார்த்தவர். கால்களைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றினேன். டிரைவர் கேட்டார், "இன்னா நைனா, தையல் மிஷினா?" ஆமாம் என்றேன். பாண்டி பஜார் வரைக்கும் ரவிக்கை தைக்க என்ன கூலி என்றே பேச்சு. என்னென்னவோ சொல்லி வைத்தேன்.

சார் கவிழ்த்து வைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எட்டுக் கம்பி. நாலு பெடல். பெடலிலிருந்து மேலே போவது சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி முறுக்குக் கம்பி. பிற்காலத்து மாடலில் அந்த இடத்தில் இரும்புத் தண்டு இருக்குமாம்.

"இதுல முழங்கால் லீவர் வந்ததே இல்லை, அந்தோணி. கழட்டியிருந்தா ஓட்டை இருக்கணுமோல்லியோ? மரம் அப்படியே இருக்கு பாரும்."

மாடல் பழசு, சரி. வருடம்? சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். அந்தக் கம்பெனியில் தகடு மூடுவதற்கு முன் மரத்தின் மேல் பென்சிலால் மாதமும் வருடமும் எழுதுவார்களாம். திறந்து பார்க்க வேண்டும். திறக்க முடியவில்லை. திருகுகள் எல்லாம் சந்தனத்துக்குள்ளே. இழுத்துத் திருகினால் மரம் விண்டுவிடும், தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வை என்று அனுப்பினார்.

பயம். ஆர்தர் விளையாட்டுக்கு அறுபத்தாறு என்று சொல்லியிருந்தால்? வேறு வருடம் வந்தால் நான் பொய்யன்.

19-8, திங்கள்

மழைத் தூறல். சந்தனம் ஊறி மெழுகு மாதிரி வந்தது. ஊசியால் சுரண்டினேன். வீடெல்லாம் பூசை வாசனை. நான்கு திருகு. நான்காவதுதான் உயிரை எடுத்தது.

தகட்டைத் தூக்கினேன். கீழே வெளுத்த மரம். பென்சில் எழுத்து. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வாசிக்கிற நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒவ்வொன்றாகப் படித்தேன்.

99-8.

திரும்பப் படித்தேன். அதேதான். தொண்ணூற்றொன்பதாம் வருடம் இன்னும் வரவே இல்லையே. வராத வருடத்தில் செய்த கிடாரை நான் எங்கிருந்து திருடினேன்?

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அவள் எதிர்ப்பக்கம் நின்று குனிந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தாண்ட வாப்பா. நீ தலைகீழா படிச்சிக்கினு இருக்கே."

எழுந்து அந்தப் பக்கம் போனேன்.

8-66.

ஆகஸ்ட், அறுபத்தாறு. ஆர்தர் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். மதியம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். வஞ்சிரம்.

21-8, புதன்

பாபு வண்டியோடு வந்தான். தகட்டைத் தூக்கிக் காட்டினேன். எந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். விரலால் தடவப் போனான், அழிந்துவிடும் என்று கையைப் பிடித்தேன். பிறகு அடியில் புகுந்து லீவர் இருந்த துளையைத் தேடினான். இல்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

"அப்ப எங்கப்பாவுது எங்க கீது?"

தெரியாது என்றேன். முதலாளி இறந்ததும், குழு ஒத்திகை பார்த்த சிந்தாதிரிப்பேட்டைக் கொட்டகையைக் காலி செய்த அன்று எந்தப் பெட்டி எந்த வண்டியில் போயிற்று என்று யாருக்குமே தெரியாது. இத்தனை நாள் என் மானம் ஒன்றையே நினைத்திருந்தேன். அவன் தேடியது அப்பாவை.

ஸ்டெல்லா டீ கொடுத்தாள். ஒரு பாட்டு வாசி என்றான். வாசித்தேன். பெடலை மிதித்து சுரத்தை மேலே இழுக்கிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்தேன்.

"எங்கப்பா வாசிச்சா இப்டி இருக்காது, நைனா."

எப்படி இருக்கும் என்றேன்.

"தாங்க முடியாது."

ஸ்டெல்லா முதலில் சிரித்தாள். பிறகு அவன். முதலாளி வாசிப்பை வருடக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான், எனக்கு அடக்கவே முடியவில்லை. புரையேறிற்று.

வண்டியைத் திருப்பி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் தன் தப்பை மைக்கிலேயே சொல்வானாம். அதெல்லாம் எதற்கு என்றேன்.

"சொல்லட்டும்பா," என்றாள் ஸ்டெல்லா.

சரி. சொல்லட்டும்.