வேட்டியில் பிடித்த மழை

வால்பாறை, 12.7.1994

தெய்வாத்தாளுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா?

எஸ்டேட் குழாயில் சேறாக வருகிறது. அதனால் நீ துவைத்துக் கொடுத்த வேட்டியை நாலு கம்பில் கட்டி, நடுவில் கூழாங்கல் வைத்து, மழையைக் குடத்தில் பிடித்தேன். தண்ணீர் லேசான நீலம்! வானத்தின் நிறம் இறங்குமா என்று அண்ணாந்து பார்த்தேன். மேகம் கருப்பாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பழனியாத்தாக்கா சிரித்தார்: "ஏனுங்க, ஊட்டுல வேட்டிக்கு நீலம் போட்டாங்களாங்க?"

பயப்படாதே, அதைக் கொட்டிவிட்டேன். இப்போதும் அதே வேட்டியில் பிடிக்கும் மழையை, மணலும் கரியும் போட்ட பானையில் வடித்து, கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வேட்டியில் நீ போட்ட நீலம்தான் துளியும் இல்லை.

இன்னொரு வேட்டி அனுப்பு. நீலம் போட்டே அனுப்பு. அதை மழையில் கட்டமாட்டேன்.

தபால்காரர் நிற்கிறார்.

ஆறுச்சாமி