கன்னத்தில் கொஞ்சம் காற்று

1958 மார்ச் 9

நாயனம் வாசிக்கும்போது மூச்சு வாங்குவதற்காக அண்ணனின் தோள் இரண்டும் காதுவரை ஏறுகின்றன. இன்றுதான் கவனித்தேன். தோள் ஏறினால் சத்தம் நின்றுவிடுகிறது. அந்த ஓட்டையை மூட ஐயா தவிலை ஓங்கி அடிக்கிறார். பாட்டு முடிவதற்குள் தவில் மட்டும்தான் மிஞ்சுகிறது.

மார்ச் 12

ஊர் நாட்டாமை நல்லுசாமி வந்து அண்ணனைப் பார்த்துச் சொன்னார். "ஏலே பொன்னுவேலு, அம்மன் சப்பரம் எந்திரிக்கையில நாயனம் அறுபடக் கூடாது. போன வருசம் மாதிரி விக்கிக்கிட்டு நின்னேன்னா, இனிமே பள்ளங்கி ஊரு மேளத்துக்குத்தான் சொல்லிவிடுவோம்."

"ஆகட்டுங்க" என்றார் ஐயா. அவர் போனதும் அண்ணனிடம், "ஒன் மூச்சுலதாம்லே நம்ம சோறு கெடக்கு."

நாட்டாமைக்குக் கொண்டுபோன காப்பியை நான் வாசற்படியிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடியிருந்தேன்.

மார்ச் 15

மழை. விறகெல்லாம் ஈரம். ஊதுகுழலை வைத்து அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தேன். அண்ணன் வந்து நின்று பார்த்தான்.

"ஏ வடிவு, நீ எப்ப மூச்சு வாங்குற?"

யோசித்தேன். யோசித்ததும் இருமல் வந்துவிட்டது.

மார்ச் 16

அடுப்புக்குப் பக்கத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நெஞ்சில் காற்று தீருமுன்னே கன்னத்தில் கொஞ்சம் நிறைத்து வைத்துக்கொள்கிறேன். கன்னம் அதைத் தள்ளுகிற நேரத்தில் மூக்கு புதுக்காற்றை இழுத்துக்கொள்கிறது. இத்தனை வருடம் என் முகம் எனக்குத் தெரியாமல் இதைச் செய்திருக்கிறது!

இதைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தால் எழுந்து நின்று சொல்லியிருப்பேனா? எங்கே. எழுந்து வாசிக்கச் சொன்னார்கள் என்றுதானே ஆறாம் வகுப்போடு நின்றேன்.

மார்ச் 20

அண்ணனை அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்து ஊதுகுழலில் சொல்லிக்கொடுத்தேன். மூக்கால் இழுக்கும்போது அவன் கன்னமும் சேர்ந்து ஒட்டிப்போகிறது. புகை உள்ளே போய்க் கண்ணில் நீர். இன்னும் குனிந்தான் — மீசை பொசுங்கியது.

அம்மா: "மொளச்சதே நாலு மயிரு. அதுவும் போச்சா."

ஏப்ரல் 2

உலை கொதிக்கும்வரை அறுபடாமல் ஊதினான். பிறகு நாயனத்திலும் வந்தது. தோள் அசையவில்லை. ஐயா தவிலை அடக்கி வாசித்து இன்றுதான் கேட்கிறேன். நன்றாகத்தான் வாசிக்கிறார்.

ஏப்ரல் 6

இதென்ன கூத்து. நான் எதிரே உட்கார்ந்து கன்னத்தை உப்பினால்தான் அண்ணனுக்கு மூச்சு வருகிறது. நான் தண்ணீர் எடுக்கப் போனால் தோள் ஏறிவிடுகிறது.

"சப்பரத்துக்கு முன்னால வந்து நில்லு தாயி" என்றான் அண்ணன்.

"ஊருக்கு முன்னாலயா? செத்தாலும் மாட்டேன்."

ஏப்ரல் 15

திருவிழா. பெண்களுக்குப் பின்னால், கந்தம்மாள் அத்தையின் முதுகுக்குப் பின்னே நின்றுகொண்டேன். சப்பரம் எழுந்தது. நாயனம் நன்றாகத்தான் தொடங்கியது. பிறகு அண்ணனின் தோள் மெல்ல ஏறியது. ஐயா குச்சியை ஓங்கிவிட்டார். நாட்டாமை திரும்பிப் பார்த்தார். அண்ணனின் கண் கூட்டத்தில் தேடியது.

அத்தையை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். சப்பரத்துக்கு நேர் எதிரே நின்று இரண்டு கன்னத்தையும் உப்பினேன்.