ஊர் சுகத்துக்கு இருபது மார்க்

8 பிப்ரவரி 1937

புதுச்சேரியிலிருந்து காகிதம் வந்தது. பெரிய இடத்தில் யாருக்கோ வேலை இல்லை போலிருக்கிறது. நெல் எத்தனை மூட்டை, கரும்பு எத்தனை வண்டி என்று வழக்கம்போல் கேட்டதோடு விடவில்லை. கடைசியில் ஒரு புதுக் கட்டம்: "குடிகளின் சுகவாழ்வு, இருபதுக்கு எத்தனை?" பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் போடுவது மாதிரி ஊருக்கு மார்க் போட வேண்டுமாம். போட வேண்டியவன் யார்? கொம்யூன் ஆபீஸ் குமாஸ்தா. அதாவது நான்.

அடியில் பொடி எழுத்தில் இன்னொன்று. மார்க் குறைந்த ஊருக்கு அரசாங்கம் ஒரு மருத்துவச்சியை அனுப்பும். அதை மூன்று தடவை படித்தேன். என் மனைவி கஸ்தூரிக்கு இது ஐந்தாம் மாதம். போன தடவை வலி கண்டதும் மாட்டு வண்டியில் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். பாகூர் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பையன். வண்டியிலேயே பிறந்தான், வண்டியிலேயே போனான்.

9 பிப்ரவரி

எங்கள் கொம்யூனுக்குத் தலைவர், மேர் அரங்கநாதர், காகிதத்தை ஒரு கண்ணால் பார்த்தார்.

"கரும்புல நம்ம ஊருதானே மொதல்ல? போடுய்யா இருபது."

"ஐயா, குறைச்சுப் போட்டா மருத்துவச்சி கிடைக்கும்..."

"என் ஆளுகையில ஊரு சொகமா இல்லன்னு நானே கையெழுத்துப் போடணுமா? எலெக்சன் வருது, தெரியுமில்ல?"

கரும்பு எத்தனை வண்டி போனால் என்ன, அது பிரசவத்துக்கு ஆகுமா? இதைக் கேட்டேனா? இல்லை. விசாரித்துத்தான் போட வேண்டும் என்று காகிதத்தில் இருப்பதாக மட்டும் முனகினேன். "விசாரி. ஆனா இருபது வரணும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். கோழைப்பயல் நான், மணவாளன்.

11 பிப்ரவரி

வீடு வீடாகப் போனேன். நான் நோட்டும் பென்சிலுமாகத் தெருவில் இறங்கினால் இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான்: வரி. கலியம்மாளுக்கு மூன்று கறவை மாடு. என்னைக் கண்டதும் தலைவிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இன்னாத்த சொல்றது ஐயா, கஞ்சிக்கே வழியில்ல." வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து "ம்மா" என்று சத்தம். "அது இன்னாம்மா?" என்றேன். "என் வூட்டுக்காரருங்க. வயித்து வலி." இன்னும் இரண்டு பக்கமிருந்து கத்தியது. எத்தனை வீட்டுக்காரர் என்று நான் கேட்கவில்லை.

அப்துல் கனி பாய் மளிகைக்கடைக் கதவைச் சாத்திக்கொண்டார். "வரிக்கு வரல பாய். சொகமா இருக்கீங்களான்னு கேக்க வந்தேன்." கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. "அடப்பாவமே, சொகத்துக்கும் வரி போட்டுட்டானுங்களா?"

போச்சு. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு: சிரித்தால் வரி.

12 பிப்ரவரி

தெருவில் ஒரு முகத்திலும் பல் தெரியவில்லை. தெற்குத் தெருவில் கல்யாணம். நாயனக்காரர் ஒப்பாரி மெட்டு வாசித்தார். மாப்பிள்ளை துண்டால் மூக்கைச் சிந்தினார்.

இப்படியே போட்டால் மூன்று மார்க் தேறாது. எனக்கு நல்லதுதான். ஆனால் பொய். "பொய்யோ நெசமோ, அந்த மருத்துவச்சி வந்தா சரி" என்றாள் கஸ்தூரி. முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

15 பிப்ரவரி

மேர் காதுக்கு எட்டிவிட்டது. தமுக்கு அடித்துவிட்டார்கள்: சிரிப்புக்கு வரி கிடையாது. புதன்கிழமை புதுச்சேரியிலிருந்து வெள்ளைக்காரத் துரை நேரிலே பார்க்க வருகிறார். எல்லோரும் வாசலில் நின்று சிரிக்க வேண்டும். இது மேர் உத்தரவு.

17 பிப்ரவரி

சிரித்தார்கள். ஐயோ, என்ன சிரிப்பு! கலியம்மாளுக்கு விக்கலே வந்துவிட்டது, தண்ணீர் கொடுத்தும் நிற்கவில்லை. துரை வண்டியிலிருந்து இறங்கி முதல் அடியைச் சாணியில் வைத்தார். அதுவரை உத்தரவுக்குச் சிரித்த ஜனம் அப்போது நிஜமாகவே சிரித்தது. துரையும் சிரித்துவிட்டார். இந்த ஊருக்கு ஒரு குறையும் இல்லை, காகிதம் வெள்ளிக்கிழமைக்குள் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கஸ்தூரி தட்டை ணங்கென்று வைத்துச் சோறு போட்டாள்.

18 பிப்ரவரி

காலையில் பச்சையப்பன் ஆபீஸுக்கு வந்தார். தன் பத்து நாள் குழந்தை இறந்துவிட்டது, பதிய வேண்டும் என்றார். எப்போது என்றேன். நேற்று விடியற்காலையில். நேற்றா? நேற்று துரை போகிறவரைக்கும் வாசலில் நின்று சிரித்தாரே!

"மேர் சொல்லிட்டாரு. அதான் நின்னேன்."

அவர் போனபின் பதிவேட்டைப் பின்பக்கமாகப் புரட்டினேன். பிறப்பும் இறப்பும் எல்லாம் என் கையெழுத்து, நான்தானே எழுதினேன்? ஒருநாளாவது கூட்டிப் பார்த்தேனா? ஒரு வயது தாண்டியிருக்க வேண்டிய கடைசி இருபது பிள்ளைகளை எடுத்தேன். தாண்டியது பன்னிரண்டு. மீதி எட்டில் ஒன்று என் பையன். பெயர்கூட வைக்கவில்லை. 'மணவாளன் மகன்' என்று இருக்கிறது.

19 பிப்ரவரி

"இருபதுக்குப் பன்னிரண்டு" என்று மேர் முன்னால் வைத்தேன்.

"எவன்யா போட்டது இந்த மார்க்கு?"

"பதிவேடு போட்டதுங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ உங்க கையெழுத்து இருக்குது."

எட்டுப் பதிவையும் ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன். ஆறாவதில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அது அவர் மகள் வயிற்றுப் பேரன். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைத் தானே படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். "எலெக்சன்ல தோத்தேன்னு வையி, உன் தோலை உரிச்சிடுவேன்" என்றார்.

20 மார்ச்

பதில் இல்லை.

30 ஏப்ரல்

பதில் இல்லை. கஸ்தூரிக்குக் கால் வீங்கியிருக்கிறது. பயமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது. எனக்குத் தெரியாமல் மேர் இரண்டு கடிதம் போட்டிருக்கிறாராம். தபால்காரர் சொன்னார்.

22 மே

மருத்துவச்சி ரோசம்மாள் வந்து இறங்கினார்! பெட்டி, குடை, கறுப்புப் பை. பழக்க தோஷம், ஊரே வாசலில் நின்று இளித்தது. "இன்னாத்துக்குப் பல்லைக் காட்டுறீங்க? புள்ளத்தாச்சிங்க எத்தினி பேரு, அதச் சொல்லுங்க" என்றார். இளிப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வாசல் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள்.

14 ஜூன்

பெண். காலை ஏழு மணி. ரோசம்மாள் என்னை நாலு தடவை தோட்டத்துப் பக்கம் துரத்தினார்.

பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போய் நானே பதிந்தேன். தகவல் சொன்னவர் மணவாளன், எழுதியவர் மணவாளன். பெயர், நேரம், தகப்பன் தொழில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்பதற்கு இல்லை. ஓரத்தில் எழுதினேன்: 'தாய் நலம்.' ஓரத்தில் எழுதக் கூடாதென்பது சட்டம். மேர் அதைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பக்கத்திலேயே ஒரு கையெழுத்துப் போட்டார்.