பித்தளைப் பலகையைக் கழற்றிவிட்டேன்

வத்தேகம,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் நடாஷாவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். நாங்கள் இருவரும் நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கும் உன் அம்மா, கடிதத்தைப் பொய்யோடு தொடங்க வேண்டாம் என்கிறாள். ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். நீ கோபித்துக்கொண்டு கொழும்புக்குப் போன இந்த இரண்டு கிழமையாக அம்மா மதலேனா என்னோடு அளந்துதான் பேசுகிறாள். தேத்தண்ணி மட்டும் நேரத்துக்கு வருகிறது.

நான் போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் எடுத்திருக்க மாட்டேன். நாளைக்கு, கெலிஓயாவில் கடை வைத்திருக்கும் மஹ்ரூப் நானா சாமான் எடுக்கக் கொழும்பு போகிறார். போடிங் அறையில் உன்னோடு தங்கியிருக்கும் தன் மகள் ருஷ்தாவுக்கு அவர் கொண்டுவரும் பார்சலோடு இந்தக் கடிதமும் வந்து சேரும்.

அவர்தான் இன்னொரு செய்தியும் சொன்னார். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே பதிவு பெற எழுதும் மருத்துவ சபைப் பரீட்சைக்கு, இரண்டு தடவை தவறிய பிறகு மூன்றாவது தடவையாக விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று நீ யோசிக்கிறாயாம். ஏதோ மருந்துக் கம்பனிக்கு நேர்முகத் தேர்வுக்கும் போய் வந்தாயாம். விண்ணப்பம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பக்கத்து வீட்டு எஸ்ரன் விஷயம். பன்னிரண்டு நாள் கண்டி பெரியாஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டான். ஒரு விரலை எடுத்தார்கள், கால் தப்பிவிட்டது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் காலே போயிருக்கும் என்றார்களாம். நான் ஒரு பப்பாளிப்பழத்தை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் நடந்ததை எத்தனை தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன் தெரியுமா? வீங்கிய காலோடு அவன் நம் வீட்டுக்கு வந்து ஏதாவது மருந்துக் குளிசை கேட்டான். நீ புண்ணைப் பார்த்துவிட்டு, இது தாங்காது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றாய். ஒரு துண்டில் மருந்தை எழுதிக் கொடு, பார்மசியில் தருவார்கள் என்றேன் நான். பதிவு இல்லாமல் நான் எழுதக்கூடாதப்பா என்று நீ மெதுவாகத்தான் சொன்னாய். ஆறு வருஷம் ரஷ்யாவில் படித்துவிட்டு வந்து ஒரு குளிசை எழுதத் தெரியாதா என்று அவன் முன்னாலேயே கேட்டேன். நீ ஒரு தாளில் என்னவோ எழுதி அவன் கையில் கொடுத்து, த்ரீவீலில் ஏற்றி அனுப்பினாய். விடிந்ததும் நீயும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

அந்தத் தாளை எஸ்ரன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறான். எனக்குக் காட்டினான். சீனி வியாதி எத்தனை வருஷம், புண் எப்போது வந்தது, காய்ச்சல் எவ்வளவு, என்னென்ன குளிசை குடிக்கிறான், எல்லாம் வரிசையாக இருந்தது. கீழே ‘பார்த்தவர்: நடாஷா, பக்கத்து வீடு’ என்று மட்டும். வார்டில் இருந்த லேடி டொக்டர் அதை வாசித்துவிட்டு, இது யார் எழுதியது, எல்லாரும் இப்படி ஒரு தாளோடு வந்தால் எங்கள் வேலை பாதி குறையுமே என்று சொன்னாராம். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் எஸ்ரன் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பக்கத்து வீடு என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது மகளே. முப்பத்தாறு வருஷம் தோட்டத்து ஆபீசில் கிளாக்காக இருந்தேன். மனேஜர் துரையின் பெயரில் போகும் கடிதமெல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான். ஆனாலும் அவர் இல்லாத நாளில், ஒரு லீவுத் துண்டில்கூட அவர் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. வேலை தெரிவது வேறு, கையெழுத்துப் போடும் அதிகாரம் வேறு என்று புதிதாக வரும் பொடியன்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். அதே நான், என் மகளைப் பார்த்துப் போடு கையெழுத்தை என்றேன்.

பிழை அன்றைக்குத் தொடங்கியதல்ல. மருத்துவ சபையின் பரீட்சையை நான் பாஸ்போட்டில் அடிக்கும் சீல் மாதிரி நினைத்துவிட்டேன். நீ வந்து இறங்கிய கிழமையே நன்றிப் பூசை கொடுத்து, நம் கோயில் பங்கின் முதல் டொக்டர் என்று பங்குச் சுவாமியைக் கொண்டு அறிவிக்கச் செய்தேன். ‘டொக்டர் நடாஷா வில்பிரட்’ என்ற பித்தளைப் பலகைக்குத் தீர்த்தமும் தெளிக்க வைத்தேன். இதை இப்போது மாட்டக்கூடாதப்பா என்றாய். மந்திரித்ததைக் கழற்றக்கூடாது என்று ஒரு சட்டத்தை நானே உண்டாக்கிச் சொன்னேன். அதற்குப் பிறகு நீ பின்கதவால் வீட்டுக்குள் வரத் தொடங்கினாய். கோழிக்குத் தீனி போடத்தான் அந்தப் பக்கமாக வருகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமியிடம் கேட்டுக்கொண்டு, பூசை முடிவில் அறிவித்தல் நேரத்தில் எழுந்து நின்றேன். என் மகள் படித்து முடித்துவிட்டாள், ஆனால் இந்த நாட்டில் வைத்தியம் பார்க்க இன்னும் பரீட்சையும் பயிற்சியும் இருக்கிறது, முந்திக்கொண்டு டொக்டர் என்று சொன்னது நான், அவளல்ல என்று சொன்னேன். முழங்கால் வலிக்கு உன்னைத் தேடி வரும் சுப்பம்மா இருந்த இடத்திலிருந்தே, அந்தப் பிள்ளை முதல் நாளே எனக்குச் சொல்லிட்டாளே, தகப்பனுக்குத்தான் காது கேட்கல என்றாள். கோயிலே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த கையோடு பலகையைக் கழற்றினேன். சுவரில் நான்கு ஓட்டை இருக்கிறது. கலண்டர் ஒன்றைத் தொங்கவிட்டு மறைக்கலாமென்று அம்மா சொன்னாள், வேண்டாம் என்றுவிட்டேன். பலகையை, நான் ஆபீசுக்குப் போட்ட பழைய சேட்டு ஒன்றில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன். இனி அதை நான் தொடமாட்டேன்.

இவ்வளவையும் வாசித்துக் காட்டினேன். மன்னிப்பு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லையே என்கிறாள் அம்மா. கிளாக் புத்தி, எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதும். மன்னித்துக்கொள் மகளே. உன் நேர்மையை நான் தெரியாத்தனம் என்று சொல்லிவிட்டேன்.

நீ இந்தப் பரீட்சையை எழுதவேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை மறைக்க எனக்குத் தெரியாது. ஆனால் எனக்காக எழுதாதே, பலகைக்காகவும் எழுதாதே. அந்தத் தாளை எழுதிய கைக்காக, வெள்ளிக்கிழமைக்கு முன் ஒருதரம் யோசித்துப் பார்.

போன அன்று, நெற்றியில் நான் போடும் சிலுவையை வாங்காமல் போய்விட்டாய். நாலு வயதிலிருந்து நீ அப்படிப் போனதே இல்லை. இப்போதைக்கு இந்தத் தாளின் மேலேயே போட்டு அனுப்புகிறேன். விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும், தேறினாலும் தேறாவிட்டாலும், ஒரு தடவை வீட்டுக்கு வந்து போ. வரும்போது முன்வாசலால் வா மகளே.

உன் அப்பா,
வில்பிரட்