வரி முடிவில ஒரு நிறுத்தம்

11.2.1986, செவ்வாய்

இண்டைக்கு மரியான் அண்ணையின்ரை அடக்கப் பூசைக்கு நான்தான் ஓகன் பெட்டி வாசிச்சனான். கடலுக்குப் போனவர் நாலாம் நாள் மண்கும்பான் கரையிலதான் கிடைச்சார். என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

நான் ஓகன் பழகத் தொடங்கி ஆறு மாதம்தான். கோயிலில பாடேக்கை அவரின்ரை குரல்தான் பெரிசு. எல்லாரும் வரியை முடிச்ச பிறகும் அவர் மட்டும் இழுத்துக்கொண்டு நிப்பார். எனக்கு எரிச்சல் வரும். எண்டாலும் அவர் முடிக்குமட்டும் காத்திருந்துதான் அடுத்த வரிக்குப் போவன். கை அப்பிடியே பழகிப்போச்சு.

இண்டைக்கும் முதல் வரி முடிய என்ரை கை நிண்டிட்டுது. பாடினவையும் நிண்டிட்டினம். கோயிலுக்குள்ள ஒரு சத்தமும் இல்லை. முன் வாங்கில இருந்த அவரின்ரை மனுசி திரேசக்கா தலையை நிமித்தி என்னைப் பாத்தா.

அடக்கம் முடிஞ்சு சேமக்காலையால திரும்பேக்கை என்ரை கையைப் பிடிச்சா.

"அவருக்காகவோ பிள்ளை நிப்பாட்டினனீர்?"

"இல்லையக்கா, பிழை விட்டிட்டன்" எண்டு சொல்லிப்போட்டன். அவ கையை விட்டிட்டா.

ஓம் எண்ட ஒரு சொல்லுத்தானே. சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான்.